எந்த ஹாமில்டன்?

கடிதம்:

வணக்கம் சார். எங்க அண்ணன் போன செப்டம்பர்ல கனடா போனான், ஹாமில்டன்ல படிக்கிறான். ஜனவரில ஒரு நாள் போன் பண்ணி "குளிர் தாங்கல, காது விறைச்சுப் போகுது"ன்னு அழாத குறையா சொல்லியிருக்கான். அம்மா உடனே செல்லுல ஹாமில்டன்னு போட்டு வெதர் பாத்துட்டு "26 டிகிரின்னு போட்டிருக்கு, ஊட்டி சீசன் மாதிரி இருக்கு, இவன் காலேஜ் போகாம இருக்க சாக்கு சொல்றான்"னு ஒரே திட்டு. ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது அம்மா பாத்தது நியூசிலாந்து ஹாமில்டன்! அப்புறம் நான் தேடிப் பாத்தா ஸ்காட்லாந்துல ஒண்ணு, பெர்முடாவுல ஒண்ணு, அமெரிக்காவுல ஒண்ணு. கார் ரேஸ் ஹாமில்டன், பத்து டாலர் நோட்டு ஹாமில்டன் வேற. எல்லாம் ஒரே ஆள் பேரா சார்? ஒரே பரம்பரையா?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

வணக்கம்மா. அம்மா மேல தப்பே இல்ல. எனக்குமே ஹாமில்டன்னா நியூசிலாந்துதான், கிரிக்கெட் பாக்கிற எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். 2019 ஜனவரி 31, காலைல காபி டம்ளரோட டிவி முன்னாடி உக்காந்தேன், ட்ரென்ட் போல்ட் 5 விக்கெட் எடுத்து நம்ம ஆளுங்க 92-க்கு ஆல் அவுட், அந்த வடு இன்னும் ஆறல.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஒரே ஆள் இல்ல. ஆனா பேருக்கு மூலம் ஒரே இடம்தான்னு சொல்வாங்க, அது ஸ்காட்லாந்துகூட இல்ல, இங்கிலாந்துல லெஸ்டர் பக்கத்துல இருந்த ஒரு சின்ன கிராமம். பழைய இங்கிலீஷ்ல ஹாமெல்னா வெட்டுப்பட்டது, கோணலானது. டூன்னா குன்று. தலைய சீவி விட்ட மாதிரி ஒரு மேடு, அவ்ளோதான். அந்த கிராமம் அந்தக் காலத்துலயே ஆள் இல்லாம அழிஞ்சு போச்சு, இப்ப அதே பேர்ல லெஸ்டருக்கு ஒரு புறநகர் இருக்கு, புதுப்புது வீடுங்களா.

ஊர் எப்படி ஆள் ஆச்சுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. "செம்மங்குடி பாடினார்"னா ஊரா பாடிச்சு? செம்மங்குடி சீனிவாச ஐயர் பாடினார். அரியக்குடியும் அப்படித்தான். இப்ப ஒரு கற்பனை பண்ணிக்கோங்க, செம்மங்குடின்னு பேர் வச்ச ஒரு குடும்பம் ஆந்திரா பக்கம் போய் அங்க ராஜாகிட்ட நிலம் வாங்கி செட்டில் ஆகி, கொஞ்ச நாள்ல அந்த ஊர் பழைய பேரை எடுத்துட்டு அதுக்கே செம்மங்குடின்னு வச்சா எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்துல நடந்தது அதேதான். 1314 பானக்பர்ன் சண்டை வரைக்கும் இங்கிலீஷ்காரன் பக்கம் நின்ன வால்டர்னு ஒருத்தர், சண்டைல ஸ்காட்லாந்து ஜெயிச்சதும் கட்சி மாறிட்டார் (இந்த ஐட்டம் எல்லா நாட்டுலயும் உண்டு போல), அதுக்குப் பரிசா கேட்ஸோங்கற ஊர் கிடைச்சுது. அவர் வாரிசுங்கதான் ஹாமில்டன். 15-ம் நூற்றாண்டுல அந்த கேட்ஸோவே ஹாமில்டன் ஆயிடுச்சு. ஊர் ஆளாச்சு, ஆள் மறுபடி ஊராச்சு. அதுக்கப்புறம் ஸ்காட்லாந்துக்காரன் கப்பல் ஏறின இடமெல்லாம் அந்தப் பேரும் கூடவே மூட்டைல போச்சு.

உங்க அண்ணன் ஊரு ரொம்ப சிம்பிள், அது ரியல் எஸ்டேட் கேஸ். பிரிட்டனும் அமெரிக்காவும் போட்ட 1812 போருக்கு அப்புறம் ஜார்ஜ் ஹாமில்டன்னு ஒரு வியாபாரி அங்க நிலம் வாங்கி பிளாட் போட்டு வித்தார். நம்ம ஊர்ல லேஅவுட் போடுறவர் தன் பேரையே நகருக்கு வச்சுப்பாரே, அதே. 2021 கணக்குப்படி அதுல 5 லட்சத்து 69 ஆயிரம் பேர் இருக்காங்க.

பெர்முடா இன்னும் வேடிக்கை. தலைநகர் ஹாமில்டன், 1790 வாக்குல இருந்த கவர்னர் ஹென்றி ஹாமில்டன் பேரு. அதே தீவுல ஹாமில்டன் பாரிஷ்னு ஒரு வட்டாரமும் இருக்கு, அது அவருக்கு ரொம்ப முந்தி வாழ்ந்த இன்னொரு ஹாமில்டன் பிரபு பேரு. ஹாமில்டன் நகரம் ஹாமில்டன் பாரிஷ்ல இல்ல! மதுரை டவுன் மதுரை மாவட்டத்துலயே இல்லன்னா எப்படி இருக்கும், அப்படி.

அம்மா பாத்த ஊருக்கு வர்றேன், எனக்கு உறுத்துறது இதுதான். அங்க ஓடற ஆறு வைக்கட்டோ, அதோட கரைல அந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரி ஜனங்க இருந்த ஊர், பேரு கிரிகிரிரோவா, நீளமா சரளைக்கல் பரவிக் கிடக்கிற இடம்னு அர்த்தம். 1864-ல பிரிட்டிஷ் படை இவங்க நிலத்தைப் பிடுங்கினப்போ ஜான் ஃபேன் சார்லஸ் ஹாமில்டன்னு ஒரு கப்பல் கேப்டன், டௌரங்கா பக்கம் கேட் பாங்கற இடத்துல மாவோரிகளோட நடந்த சண்டைல செத்துப் போனார். அவர் நினைவா இந்த ஊருக்கு அவர் பேரை வச்சுட்டாங்க. அந்த மனுஷன் இந்த ஊர்ல காலே வைக்கல. யார் நிலத்தைப் பிடுங்கினாங்களோ அவங்க ஊருக்கு அவங்களோட சண்டை போட்டு செத்தவன் பேரு. இது போதாதுன்னு 2013-ல அவருக்கு வெண்கலச் சிலை வேற வச்சாங்க, 2020 ஜூன்ல மாவோரி தரப்பு கேட்டதுக்கு அப்புறம் நகராட்சியே கிரேன் கொண்டு வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. சிலையைத் தூக்கறது ஈசி, ஸ்கோர்போர்டுல இன்னும் ஹாமில்டன்தான்.

பரம்பரையான்னு கேட்டீங்கல்ல, பத்து டாலர் நோட்டுல இருக்கிற அலெக்சாண்டர் ஹாமில்டன் வேணா ஆமா. கரீபியன்ல நெவிஸ் தீவுல பொறந்தவர், அப்பா ஸ்காட்லாந்து ஜமீன் வீட்டுப் பையன். அமெரிக்காவோட முதல் நிதி அமைச்சர், 1804-ல அப்ப துணை ஜனாதிபதியா இருந்த ஆரன் பர்ரோட துப்பாக்கிச் சண்டை போட்டு செத்தார். துணை ஜனாதிபதி பதவில இருந்துகிட்டே ஒருத்தரை சுட்டிருக்கார், யோசிச்சுப் பாருங்க.

கார் ரேஸ் லூயிஸ் ஹாமில்டன் விஷயம் வேற. அவரோட தாத்தா பாட்டி கிரெனடாலேருந்து இங்கிலாந்து வந்தவங்க. கரீபியன் தீவுகள்ல ஸ்காட்லாந்துக்காரங்க கரும்புத் தோட்டம் வச்சிருந்தாங்க, அங்க மாட்டிக்கிட்ட அடிமைகளோட சொந்தப் பேரை அழிச்சிட்டு முதலாளி பேரோ மேஸ்திரி பேரோ வந்து ஒட்டிக்கிச்சு, அதனால அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஹாமில்டன், கேம்ப்பெல்னு பேர் இருந்தா அதை வச்சு ரத்த சொந்தம்னு சொல்ல முடியாது. அப்பல்லோ விண்கலத்துக்கு சாஃப்ட்வேர் டீமை நடத்தின மார்கரெட் ஹாமில்டன், தன் உயரத்துக்கு அடுக்கி வச்ச புரோகிராம் காகிதம் பக்கத்துல நிப்பாங்களே, அந்த அம்மாவுக்கு அது கல்யாணத்துல வந்த பேரு. பாருங்க, ஒரே பேரு நிலத்தால வருது, அடிமைத்தனத்தால வருது, தாலியால வருது.

நம்ம சமையல்கட்டுலகூட ஒரு ஹாமில்டன் இருக்கார் தெரியுமா? ரோகு, கட்லா வாங்குவீங்கல்ல. ரெண்டுக்கும் அறிவியல் பேருக்குப் பின்னாடி ஹாமில்டன், 1822-ன்னு போட்டிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா வந்த பிரான்சிஸ் புக்கானன்தான் அவர், 1800-ல மெட்ராஸ்லேருந்து கிளம்பி மைசூர், மலபார்னு சுத்தி எழுதினவர், பின்னாடி அம்மா வழி சொத்து வந்ததும் அம்மாவோட ஹாமில்டனையும் சேர்த்துக்கிட்டார். கங்கை மீன்களைப் பத்தி அவர் எழுதினது 1822-ல. எனக்கு இந்த ஹாமில்டனைத்தான் பிடிக்கும், ஒவ்வொரு மீனையும் கைல எடுத்துப் பாத்து துடுப்பு எண்ணி எழுதினவர்.

ரெண்டு பாலம் பத்தி சொல்லாம விட மனசு வரல. மெட்ராஸ்ல பக்கிங்காம் கால்வாய் மேல ஹாமில்டன் வாராவதின்னு ஒண்ணு இருந்துச்சு (பாலத்துக்கு அப்ப வாராவதிதான்). ஜனங்க வாய்ல ஹாமில்டன் நுழையல, அம்பட்டன் வாராவதி ஆயிடுச்சு. அதைக் கேட்ட யாரோ ஒரு ஆபீசர் அர்த்தம் கண்டுபிடிச்சு பார்பர்ஸ் பிரிட்ஜ்னு திரும்ப இங்கிலீஷ்ல எழுதிட்டாருன்னு கதை. எல்லாரும் இதை ஜனங்களுக்குத் தெரியலன்னு சிரிக்கிறதுக்கு சொல்வாங்க, எனக்கு அந்த மொழிபெயர்ப்பாளரை நினைச்சாத்தான் சிரிப்பு வருது. அது ஒரு சாதிப் பேரு, திட்டா சொன்ன பேரு, அதனால இப்ப அது அம்பேத்கர் பாலம்னு ஆனதுல எனக்கு சந்தோஷம்.

இன்னொரு பாலம் டப்ளின்ல, ப்ரூம் பாலம். 1843 அக்டோபர் 16, வில்லியம் ரோவன் ஹாமில்டன்னு ஒரு கணக்கு மேதை பொண்டாட்டியோட கால்வாய் கரைல நடந்து போயிட்டிருந்தார். மூணு மூணு எண்ணா சேர்த்த கட்டுகளை எப்படிப் பெருக்கறதுன்னு வழி தேடிட்டிருந்தவர் அவர். அந்த மாச ஆரம்பத்துல தினமும் காலைல சாப்பிட வந்தா பசங்க "அப்பா, மூணு மூணா பெருக்க வந்துச்சா?"ன்னு கேப்பாங்களாம், இவர் "இல்லடா, கூட்ட கழிக்கத்தான் வருது"ன்னு தலைய ஆட்டுவாராம். அன்னிக்கு அந்தப் பாலத்துகிட்ட வந்ததும் விடை பளிச்சுன்னு வந்துடுச்சு, கட்டுக்கு மூணு எண் இல்ல, நாலு எண் வேணும். பேனாக்கத்திய எடுத்து அந்தச் சூத்திரத்தைப் பாலத்துக் கல்லுல செதுக்கிட்டார். உங்க செல்லுல கேம் ஆடும்போது உருவம் சுத்துதே, அதுக்குள்ள அந்தக் கணக்குதான். செதுக்கினது அழிஞ்சு போச்சு, இப்ப ஒரு பலகை வச்சிருக்காங்க, வருஷா வருஷம் அக்டோபர் 16 அன்னிக்கு கணக்கு ஆளுங்க அங்க நடந்து போறாங்க. ஆனா பாலத்துக்கு இன்னும் ப்ரூம்னுதான் பேரு.

அம்மாகிட்ட சொல்லுங்க, ஹாமில்டன்னு மட்டும் போடாம பக்கத்துல ஒன்டாரியோன்னு சேர்த்துப் போட்டுத் தேடணும். முறுக்கு, ஸ்வெட்டர்னு பார்சல் அனுப்பினா அண்ணன்கிட்ட போஸ்டல் கோட் கேட்டு எழுதுங்க. அப்புறம் வெதர் பாக்கும்போது நம்பருக்கு முன்னாடி சின்னதா ஒரு கோடு இருக்கான்னு கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்லுங்க.