பழைய ஓட்டோ கியர் காரில் ஒயில் மாற்றலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். மீற்றர் 180,000 கிலோமீற்றர் காட்டுகிறது. கியர்பொக்ஸ் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பது விற்றவருக்கும் தெரியவில்லை. காலையில் ‘ஆர்’ போட்டால் சற்றுத் தாமதித்தே கியர் பிடிக்கிறது. ஒரு கராஜில், கை வைத்தால் கியர்பொக்ஸ் போய்விடும் என்கிறார்கள். இன்னொரு கராஜில், மெஷின் போட்டு முழுவதையும் கழுவித் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் தவிர்த்து, ஒயிலைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன்பு பழைய ஒயிலைப் பார்த்தாக வேண்டும்.

ஒயில் மாற்றியதும் கியர்பொக்ஸ் போய்விட்டது என்ற கதைகளை விசாரித்தால், பெரும்பாலும் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயிலை மாற்றியிருப்பார்கள். கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து கருகியிருந்தால், புது ஒயில் அவற்றை மீட்காது. பழி மட்டும் அதன் மீது விழும். மெஷினைப் பற்றிய அச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பல ஆண்டுகளாகப் படிந்த கசடு ஒரேயடியாகக் கிளம்பினால், ஒயிலை அந்தந்தக் கியருக்குத் திருப்பிவிடும் ‘வால்வ் பொடி’ என்ற பாகத்தின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். வரலாறு தெரியாத வாகனத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கை அழுத்தியபடி ‘பி’யிலிருந்து எல்லா நிலைகளுக்கும் கியரை மெதுவாக நகர்த்தி, மீண்டும் ‘பி’க்குக் கொண்டுவந்த பின்னரே கியர் ஒயிலின் அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது எஞ்சின் ஒயிலுக்கான முறை. இங்கே அது தவறான அளவைக் காட்டும். மட்டம் குறைந்திருந்தாலே கியர் தாமதமாகப் பிடிக்கும் என்பதால், உங்கள் பிரச்சினைக்கான காரணம் இந்த இடத்திலேயே தெரியவரலாம். பிறகு ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வயதின் அடையாளம் மட்டுமே, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் ஒயில் கூலர் ஒழுகுகிறதா, மாரி வெள்ளத்தில் கார் நின்றதா என்று விசாரியுங்கள். அந்த நிலையில் காரை மேலும் ஓட்டக் கூடாது.

ஒயில் வாங்குவதில்தான் இங்கு அதிகம் தவறு நடக்கிறது. 121க்கு உரியது ‘ரீ-ஃபோர்’ (T-IV) வகை. பழைய கொரோலா 110க்கு உரிய ‘டெக்ஸ்ரன்’ (Dexron) ஒயிலையோ, பிந்திய மாடல்களுக்கான மெல்லிய ‘டபிள்யூஎஸ்’ (WS) ஒயிலையோ, வேறு வகைக் கியர்பொக்ஸான சிவிரிக்குரிய (CVT) ஒயிலையோ, எல்லாம் சிவப்புத்தானே என்று ஊற்ற இடங்கொடாதீர்கள்.

கியர்பொக்ஸின் அடியில் ஒயிலை வடியவிடும் ஆணியைக் கழற்றினால் ஏறத்தாழ 3 லீற்றர்தான் வெளியேறும். மீதி, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் ரோர்க் கொன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். வடிந்த ஒயிலை அளவுப் போத்தலில் ஊற்றிப் பார்த்து, முதலில் அதே அளவு புது ஒயிலை ஊற்றி, பிறகு சூட்டில் மட்டத்தைச் சரிபாருங்கள். கூடிப்போனாலும் ஒயில் நுரைத்துக் கியர் வழுக்கும். ஓரிரு வாரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை, அதன் பின் இன்னொருமுறை இவ்வாறே செய்தால், உள்ளிருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புதிதாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் நகருக்குள் மட்டும் சுற்றாமல், கந்தளாய் வரை ஒருமுறை போய் வாருங்கள். எல்லாக் கியர்களும் வேலை செய்து ஒயில் நன்கு கலக்கும்.

முதல் தடவையிலேயே கியர்பொக்ஸின் அடித்தட்டையும் கழற்றி, உள்ளிருக்கும் ஒயில் வடியைப் (ஃபில்டர்) பார்ப்பது நல்லது. தட்டிலுள்ள காந்தங்களில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம். இரும்புச் சிராய்கள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. புது ஒயிலுக்குச் செலவு செய்யாமல், கியர்பொக்ஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கடற்கரையோரம் ஓடும் காரில் உப்புக் காற்றால் தட்டின் ஆணிகள் துருப்பிடித்திருக்கும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடாமல் திருகினால் தலை முறிந்துவிடும். திரும்பப் பூட்டும்போது புதிய பக்கிங் போட்டு, ஆணிகளை மாறிமாறி மெதுவாக இறுக்கச் சொல்லுங்கள். பலம் காட்டினால் தட்டு வளைந்து ஒழுகும். கூலர் குழாய்களையும் அப்போதே பாருங்கள், துரு அவற்றையும் அரிக்கும்.

மூன்றாவது மாற்றத்துக்குப் பின்னரும், மட்டம் சரியாக இருந்தும், காலைத் தாமதம் நீடித்தால், உள்ளிருக்கும் இறப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். சூடானதும் தாமதம் மறைந்துவிடுகிறதென்றால், மட்டத்தைக் கவனித்துக்கொண்டு அப்படியே ஓட்டலாம். சூட்டிலும் தாமதித்தாலோ, ‘டி’யில் எஞ்சின் இரைந்தும் வேகம் எடுக்காவிட்டாலோ, கியர்பொக்ஸைப் பிரித்துச் செய்வதா, பாவித்த இன்னொன்றைப் போடுவதா என்று விலை விசாரிக்கத் தொடங்குங்கள்.