ஒன்றரை மணிக்குப் பிறகும் டீச்சரா?

அன்பின் ஐயா,

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாலாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். நான் பிறந்ததும் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான். போன வருஷம் எங்கள் பாடசாலைச் சுவரில் ‘சமத்துவம், நேர்மை, சேவை’ என்று பெரிதாக எழுதினார்கள். “இது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, கேட்டைத் தாண்டினாலும் ஆசிரியர் ஆசிரியர்தான்” என்று அதிபர் கூட்டத்தில் சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அப்புறம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. தப்பு மேளச் சத்தத்துக்கு என் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கொஞ்ச நேரம் ஆடினேன். யாரோ போனில் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பாடசாலையின் பெயர் கெட்டுவிட்டதாம், மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறார் அதிபர். ஒன்றரை மணிக்கு மணி அடித்த பிறகும் நான் டீச்சராகவேதான் இருக்க வேண்டுமா? கடிதம் எழுதிக் கொடுக்கட்டுமா? பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்பின் டீச்சர்,

ஆமாம், ஒன்றரைக்குப் பிறகும் நீங்கள் டீச்சர்தான். கொழும்பில் ஓர் ஆசிரியர் பஸ் ஏறியதும் கூட்டத்தில் ஒருவராகிவிடலாம். தோட்டத்தில் அது நடக்காது. கடையில் பருப்பு வாங்கும்போது பக்கத்தில் நிற்பது உங்கள் மாணவியின் பாட்டி. பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பது இன்னொருத்தியின் அண்ணன். ஆகவே அதிபர் சொன்ன கொள்கையோடு எனக்குச் சண்டையில்லை. அதை அவர் எங்கே வைத்து அளக்கிறார் என்பதில்தான் சண்டை.

நீங்கள் பாடசாலை மேடையில் பரதம் ஆடியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். அதே தப்பு மேளத்தை நாங்களே விழாக்களில் ‘எங்கள் பாரம்பரியம்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்து மேடையேற்றுகிறோம். மேடையை விட்டு இறங்கி, கோவில் வாசலில், அதை அடிப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு டீச்சர் ஆடினால் மட்டும் பெயர் கெடுகிறது. தப்பு யார் கையில் இருந்து வந்தது, எந்தச் சாதியின் பெயரோடு ஒட்டிக் கிடந்தது என்பது உங்கள் அதிபருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவரில் ‘சமத்துவம்’ என்று எழுதிய பாடசாலைக்கு உங்கள் ஆட்டத்தைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்பேன்.

விழுமியம் என்றதும் முதலில் ஆசிரியைகளின் உடம்பையும் உடுப்பையும் பார்ப்பது நம் நாட்டுப் பழக்கம். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை கட்டாமல் வேறு உடையில் பாடசாலைக்குப் போனபோது நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரி, அதை விடுவோம்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராகப் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற அம்மாமார் எங்கே நிற்கிறார்கள்? பெரும்பாலும் கதவுக்கு வெளியே. உள்ளே கதிரை காலியாக இருக்கும். “வா, உள்ள வந்து உட்காரு, உன் புள்ள ஒழுங்கா வர்றதே இல்ல” என்று ஓர் ஆசிரியர் கூப்பிடுவார். அந்த அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணியிடம் கேட்ட அதே ‘வா, போ’. பிள்ளை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். சமத்துவம் பற்றி அந்தப் பிள்ளை அன்றைக்குப் படித்தது அவ்வளவுதான். அந்த ஆசிரியரிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. அவரும் லயத்தில் பிறந்தவராகவே இருக்கலாம் என்பது இன்னும் வலிக்கிற விஷயம். நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைக்கிறவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மஸ்கெலியாப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்காருவார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தொழிலாளர்கள். ஊழியர் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைகிறவர்கள். அடையாள அட்டையில் ‘முத்துலெட்சுமி’, பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதும்போது வேறொரு பெயர், தோட்டத்துச் செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டில் வெறும் ‘லெட்சுமி’. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், சமாதான நீதவானைப் பிடிக்க வேண்டும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த காசு ஒரு எழுத்தில் மாட்டிக் கிடக்கும். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஆவணங்களைக் கையில் எடுக்கும் முன் அவர் கேட்டது: “அம்மா, உங்க பேர நீங்க எப்படிச் சொல்லுவீங்க?” அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். அவர் அதை அப்படியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையைப் பிரித்தார்.

இந்த வேலைக்கு அவருக்கு ஒரு சதமும் கிடையாது. புகைப்படம் எடுத்துப் போடவும் ஆளில்லை. ஆனால் திங்கட்கிழமை பாடசாலையில் புதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பெயரை மூன்று மொழியிலும் பெற்றோரிடம் சரிபார்க்காமல் இடாப்பில் எழுதமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது அவரை அப்படி மாற்றியிருக்கிறது.

இது புதுசும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. மாஸ்டருக்குச் சம்பளம் கொடுத்தது துரை, அதாவது தோட்ட முகாமையாளர். அந்த நிலையிலும் லயத்துக்காரர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவதும் மனு எழுதிக் கொடுப்பதும் மாஸ்டர்தான். மனு சில நேரம் துரைக்கு எதிராகவே இருக்கும். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் படித்தவர்கள் பாடப்புத்தகத்தைவிட வெளியே அவரோடு நடந்ததையும் பேசியதையும்தான் அதிகம் சொல்வார்கள். பிறகு அவர் இந்தியாவுக்குப் போய், நீலகிரியில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களிடையே அதே வேலையைத் தொடர்ந்தார்.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த பலர் மண்ணில் புதைந்து போனார்கள். பக்கத்துக் கொஸ்லந்தையில் பாடசாலைகளே முகாம்களாயின. அந்த வாரம் அங்கே இருந்த ஆசிரியர்களுக்கு எது வகுப்பு, எது வெளி?

நேர்மை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சுவரில் இருக்கிறதே. பகலில் வகுப்பில் பாதி சொல்லி, மீதியை மாலையில் டியூஷனில் அதே பிள்ளைகளுக்கு விற்கிற பழக்கம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. டியூஷனே தப்பு என்று நான் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக 3,000 பேருக்கு மேல் எடுத்து, மாதம் 6,000 ரூபாய் கொடுத்த நாடு இது. பிறகு அது 10,000 ஆனது. அந்தக் காசில் வீட்டு வாடகையும் பஸ் காசும் கட்டிக்கொண்டு ‘சேவை’ செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாதி சொல்வது வேறு. அதற்குச் சம்பளத்தைக் காரணம் காட்டினால் நான் ஏற்கமாட்டேன்.

இனி உங்கள் கடிதம். அதிபர் எழுத்தில் கேட்டால் எழுத்திலேயே பதில் கொடுங்கள், மரியாதையாக, அரைப் பக்கத்துக்குள். பாடசாலை நேரத்துக்கு வெளியே, தோட்டத்துக் கோவில் திருவிழா, பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் ஆடினேன். பாடசாலை விழாவில் இதே தப்பு மேளம் மேடையேறியிருந்தால் அந்தத் திகதியையும் ஒரு வரியில் சேருங்கள். மன்னிப்பு என்ற சொல் அதில் வேண்டாம். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் வலயக் கல்விப் பணிமனை வரை போனால் அது தேவைப்படும்.