காஃப்காவின் 'விசாரணை' நாவலில் யோசஃப் கே செய்த குற்றம்தான் என்ன?

கடைசிப் பக்கம் வரை படித்தும் குற்றம் என்னவென்று தெரியவில்லை, எதையாவது தவறவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நாவலில் அது எங்கேயுமே கிடையாது. கேவுக்கும் தெரியாது, முப்பதாவது பிறந்தநாளன்று அவனைக் கைது செய்ய வந்து அவனுடைய காலை உணவையும் தின்றுவிடுகிற காவலர்களுக்கும் தெரியாது.

குற்றத்தைத் தேடுவதை விட்டுவிட்டு அந்த நீதிமன்றம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதல் விசாரணைக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள், மணி சொல்வதில்லை. கோர்ட் என்றால் ஒன்பதுக்குத் தொடங்கும் என்று இவனே கணக்குப் போட்டுக் கிளம்பி, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் ஒரு கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி, லான்ஸ் என்று ஒரு தச்சரைக் கற்பனையாக உருவாக்கி அவர் இங்கே இருக்கிறாரா என்று வீடு வீடாக விசாரித்து, ஒருவழியாக உள்ளே போனால், ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்கிறார் நீதிபதி. யாரும் சொல்லாத நேரத்துக்குத் தாமதம்! எனக்கு நாவல் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

இதைவிடக் கொடுமை, நீதிபதிகளைப் படம் வரையும் ஓவியர் டிட்டோரெல்லி, வழக்கிலிருந்து தப்பிக்க கேவிடம் சொல்லும் மூன்று வழிகள். முழு விடுதலை என்று ஒன்று உண்டு, ஆனால் அதைப் பழங்கதைகளில்தான் கேட்கலாம். தோற்றத்துக்கு விடுதலை இரண்டாவது: வீட்டுக்குப் போகலாம், வழக்குக் கோப்பு மட்டும் மேல் நீதிமன்றத்துக்கும் கீழ் நீதிமன்றத்துக்குமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், என்றாவது ஒரு நீதிபதி கண்ணில் பட்டால் மறுபடி கைது. மூன்றாவது, வழக்கை ஆரம்பக் கட்டம் தாண்டவிடாமல் காலமெல்லாம் இழுத்தடிப்பது. காஃப்கா 1906-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர். கோப்புகள் நகரும் விதம் அவருக்கு அத்துப்படி.

அப்புறம், அத்தியாயங்கள் தாவுவதாகத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. அவர் முடிக்காமல் விட்டதை, இறந்த பிறகு நண்பர் மாக்ஸ் பிராட் வரிசைப்படுத்தி 1925-ல் வெளியிட்டார்.

திரும்பப் படிப்பதானால் வணிகர் பிளாக் வரும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஐந்து வருடத்துக்கு மேலாக வழக்கு, ஒரு வக்கீலுக்குத் தெரியாமல் இன்னும் ஐந்து வக்கீல்கள், தொழிலில் இருந்த பணமெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது, எப்போது கூப்பிடுவாரோ என்று வக்கீல் வீட்டு வேலைக்காரி அறையிலேயே படுத்துக் கிடக்கிறார் மனிதர். கதீட்ரல் அத்தியாயத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் அங்கே இருக்கும் என்று பலர் நேராக அங்கேதான் போகிறார்கள், ஆனால் பாதிரியாரோ ஒரு கதைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக விளக்கம் சொல்லி கேவைக் களைப்படையத்தான் வைக்கிறார்.