சாய்ந்து நிற்கும் மரத்தைப் புதிதாக வேலைக்கு வந்தவர் பாதுகாப்பாக வெட்டுவது எப்படி?

“எப்படியும் சாய்ந்த பக்கம்தானே விழப்போகிறது, நேராக நிற்கிற மரத்தைவிட இது சுலபம்தானே?” என்று கேள்விக்குக் கீழே சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். இதே பேச்சை வேலையிடத்தில் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும், இப்போதுதான் செயின்சாவைக் கையில் கொடுத்திருப்பார்கள், கூட இருக்கிற யாரோ “இதை நீயே சாய்ச்சிடு” என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் படியுங்கள்.

மரம் எந்தப் பக்கம் விழும் என்பது சாய்ந்த மரத்தில் பெரிய கேள்வியே இல்லை. விழுந்து முடிகிறவரை அடிமரம் பிளக்காமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. முன்பக்கம் சாய்ந்த மரத்தில் மேல்பக்க நார்கள் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டிருக்கும், கீழ்ப்பக்க நார்கள் நசுங்கிக்கொண்டிருக்கும். நேர் மரத்தை அறுப்பது போலப் பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதி மரம் அறுபடாமல் இருக்கும்போதே பாரம் தாங்காமல் அது விழ ஆரம்பித்துவிடும். மிச்சமிருக்கிற கட்டி மரம் வளையாது. பச்சைக் குச்சியை ஒடித்தால் ஒடியாமல் நெடுக்காகக் கிழியுமே, அப்படி அடிமரம் மேல்நோக்கிப் பிளக்கும். பிளந்த பின்பாதி கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே எழும்பிப் பின்னால் உதைக்கும். அறுக்கிற ஆளின் நெஞ்சும் முகமும் சரியாக அங்கேதான் இருக்கும்.

நான் பார்த்தது ஒரு சரிவில் நின்ற மரம். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கும் பருமன், உச்சிக் கிளை அத்தனையும் ஒரே பக்கம். ஒப்பந்தக்காரரின் மூத்த ஆள் என்னைக் கூப்பிட்டு, “தானா விழற மரம் தம்பி, நீயே போடு” என்றார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வேறு மரத்தில் இருந்தார். ரம்பத்தைத் தொடும் முன் மரத்தைச் சுற்றி வர வேண்டும், முதலில் காலைப் பார், கடைசியில் தலையைப் பார் என்பது அவர் பாடம். சுற்றி வந்தேன். சாய்வுக்கு எதிர்ப்பக்கம், முழங்கால் உயரத்தில், பட்டையில் நெடுக்காக ஒரு கீறல். பட்டையின் வெடிப்பு என்றுதான் முதலில் தோன்றியது. விரல் நகத்தை விட்டுப் பார்த்தபோது அது பட்டையோடு நிற்கவில்லை, உள்ளே மரத்திலும் போனது. நகத்தில் ஈரத் தூள் ஒட்டியது.

“அண்ணே, பின்னாடி கீறல் இருக்கு. நான் போடல” என்றேன் அந்த மூத்த ஆளிடம். எல்லார் முன்னாலும் சொன்னேன். புதுப்பையனுக்கு இவ்வளவு பேச்சா என்று அவருக்குக் கோபம். ரம்பத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே ஆரம்பித்தார். நானும் மற்றவர்களும் பக்கவாட்டில் நன்றாக விலகிப் போனோம்.

முன்பக்கம் வாய் வெட்டினார். விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பதை நாங்கள் வாய் என்போம். பிறகு பின்னால் வந்து வேகமாக உள்ளே அறுத்தார். பாதிகூடப் போயிருக்காது. படபடவென்று நார் அறும் சத்தம், அடுத்து ஒரே வெடிச்சத்தம். அடிமரம் ஆள் உயரத்துக்கும் மேலே பிளந்து பின்னால் எழும்பியது. ரம்பத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிளவில் மாட்டிய ரம்பம் ஆள் எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டு, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தரையில் கிடந்தார். ஒரு பக்கத் தோள் எலும்பு முறிந்திருந்தது. மரம் முழுக்க விழாமல் பிளவிலேயே மடிந்து நின்றதால் எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் வந்து யாரையும் கிட்டே விடாமல் நிறுத்திவைத்தார். தூரத்திலிருந்து வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) போட்டு இழுத்துத்தான் அதைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

“மூத்த ஆளைக் குறை சொல்லிப் பெயர் வாங்குகிறாயா” என்று யாராவது கேட்கலாம். அவர் திறமையான தொழிலாளிதான். நேர் மரத்தில் அவர் கை சுத்தம், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு முடியாது என்று நான் சொன்னது சரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

சரியான முறையைப் பிறகு அண்ணன் இன்னொரு சாய்ந்த மரத்தில் காட்டினார். வாய் அகலமாக, 70 பாகைக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். ஆழம் விட்டத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. அடுத்து, பின்னாலிருந்து அறுக்காமல் பக்கவாட்டில் பாரின் (ரம்பத்தில் சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனியை நேராக மரத்துக்குள் குத்தி இறக்கினார். நுனியின் கீழ்ப்பாதியில்தான் தொடங்க வேண்டும், மேல்பாதி பட்டால் ரம்பம் முகத்தைப் பார்த்துத் திரும்பும். உள்ளே போனதும் முதலில் வாயின் பக்கம் அறுத்து, கீலாக, அதாவது கதவுக் கீல் போல மரத்தைப் பிடித்தபடி மடிந்து விழவைக்க, வாய்க்குப் பின்னால் அறுக்காமல் விடும் மரத்தின் கனத்தைச் சரிசெய்தார். அது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 50 செ.மீ. மரம் என்றால் 5 செ.மீ. அப்புறம் பின்பக்கம் நோக்கி அறுத்துக்கொண்டு வந்து, கடைசியில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட்டுவிட்டார். இப்போது நடுப்பகுதி முழுக்க அறுபட்டாயிற்று, ஆனால் மரம் அசையவில்லை, முன்னால் கீலும் பின்னால் அந்தப் பிடிப்பும் தாங்கி நிற்கின்றன. ரம்பத்தை வெளியே எடுத்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, குரல் கொடுத்துவிட்டு, குத்தின மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெளியிலிருந்து அந்தப் பிடிப்பை அறுத்தார். மரம் ஒரே வீச்சில் போனது. பிளக்கவில்லை.

‘புது ஆளுக்குப் போய்க் குத்து வெட்டைச் சொல்லித் தருகிறாயே’ என்று திட்டப்போகிறவர்களுக்கு: இதைப் படித்துவிட்டு நேராகப் போய்ச் செய்யச் சொல்லவில்லை. தரையில் ஆடாமல் கிடக்கும் கட்டையில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, கை பழகும்வரை பழக வேண்டிய வெட்டு இது. ‘ஏறி மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதுதான் சரி’ என்பவர்களுக்கு: அடியில் கீறல் உள்ள மரத்தில் ஆளை ஏற்றுவது இதைவிட மோசம். அதற்கு ஆளை மேலே தூக்கிப் பிடிக்கும் மேடையுள்ள வண்டி வேண்டும்.

பக்கவாட்டிலோ பின்னாலோ சாய்ந்த மரத்தை எதிர்த் திசைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கயிறு, கப்பி, ஆப்பு, கணக்கு எல்லாம் வேண்டும். அது உங்கள் வேலை இல்லை, இப்போதைக்கு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாக இருக்கிறது. செயின்சாவுக்கான பாதுகாப்புக் கால்சட்டை. அதற்குள் நீள நீளமான இழைகள் பல அடுக்காக இருக்கும். சங்கிலி பட்டதும் அந்த இழைகள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சிக்கி ரம்பத்தை நிறுத்திவிடும். அதனால் ஒருமுறை வெட்டுப்பட்டால் அந்தக் கால்சட்டை முடிந்தது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வெட்டுப்பட்டதைத் தைத்து, துவைத்து, “நல்லாத்தான் இருக்கு” என்று என்னிடம் நீட்டினார்கள். தையல் ஊசி அந்த இழைகளைப் பிடித்து இறுக்கிவிட்டால் அவை உருவிக்கொண்டு வரவே வராது. ரம்பத்துக்குப் புதுச் சங்கிலி வாங்கக் கணக்குப் பார்க்காதவர்கள், தொடையைக் காக்கிற துணிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

உங்கள் மரத்துக்கு வருவோம். உச்சி மேல்நோக்கி வளைந்திருந்தால் அது சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம். அடி முதல் நுனிவரை ஒரே கோட்டில் சாய்ந்து, பின்பக்க மண்ணில் வெடிப்போ தூக்கிய வேரோ தெரிந்தால் அண்மையில் பெயர்ந்தது. அதைத் தொடாதீர்கள். பாதி பெயர்ந்த மரத்தை அறுத்தால் வேர்க்கட்டி பழைய குழிக்கே திரும்ப எழும்பலாம். அடியில் காளான் இருந்தாலும், மரம் பட்டுப்போயிருந்தாலும் கீல் தாங்கும் என்று நம்பாதீர்கள். விழும் தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் மின்துறைக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் ரம்பத்தைக் கிளப்பக் கூடாது. மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும். நீங்கள் ஒதுங்கும் வழி நேர் பின்னால் இருக்கக் கூடாது. பின்பக்கமாகச் சரிவாக, 45 பாகையில், கால் தடுக்காமல் முன்கூட்டியே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும்.

முடிந்தால் மரத்தின் படத்தைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். சாய்வுக்குப் பக்கவாட்டில் நின்று, வேரும் உச்சியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று. பின்பக்கப் பட்டையைக் கிட்டத்தில் ஒன்று. அதைப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரை யார் சொன்னாலும் அறுக்க வேண்டாம்.