மடிநோய்க்கு எந்த வலி ஊசி? மாயாற்றுப் பாறுக் கழுகுகளும் உங்கள் பசுவும்

கேள்வி: வணக்கம் டாக்டர். மசினகுடி பக்கம், புலிகள் காப்பக எல்லையை ஒட்டி மாடு வைத்திருக்கிறோம். மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு நேற்று மாலையிலிருந்து வலது பின்மடி வீங்கிக் கல்லாக இருக்கிறது. பால் திரித்திரியாக வருகிறது, காய்ச்சலும் அடிக்கிறது. முன்பெல்லாம் கடையில் வாங்கிப் போட்ட ஊசிக்கு இப்போது தடை என்கிறார்கள். ஊருக்கு ஊசி போட வருகிறவர், மனிதர்களுக்கான ஊசியையே போட்டுவிடலாம் என்கிறார். போன மாதம் எங்கள் கிழ எருது இறந்தபோது வனத்துறையினர் வந்து, கடைசியாக என்ன ஊசி போட்டீர்கள் என்று விசாரித்தார்கள். மாட்டுக்குப் போடும் ஊசியால் பிணந்தின்னிக் கழுகு சாகும் என்பது உண்மையா? அவர்கள் சொல்லும் மாற்று மருந்துக்கு வேகம் இல்லை என்று ஊரில் பேச்சு. என்ன செய்வது?

பதில்: வணக்கம். முதலில் பசுவைப் பார்ப்போம், கழுகுக்குப் பிறகு வருகிறேன். காய்ச்சலுடன் கூடிய மடிநோய் நாள் கடத்தக் கூடியது அல்ல. இன்றே உங்கள் கால்நடை மருந்தகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அங்கே ஆள் கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். பசு தீனி எடுக்காமல் நின்றாலோ, காது சில்லிட்டிருந்தாலோ, பால் வெளிர்மஞ்சள் தண்ணீராக வந்தாலோ அது உயிருக்கே ஆபத்தான வகை. அதை மறக்காமல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் வரும்வரை உங்கள் கையில் இருக்கும் வேலை, கெட்ட பாலை வெளியே எடுப்பது. பாதித்த காம்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதுமாகக் கறந்துவிடுங்கள். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள். பாத்திரத்தில் பிடித்துத் தள்ளி ஒரு குழியில் ஊற்றி மூடுங்கள். நல்ல மாடுகளைக் கறந்து முடித்த பிறகு இந்தப் பசுவுக்கு வாருங்கள், இதிலும் நல்ல காம்புகளை முதலில் கறந்துவிட்டுக் கெட்ட காம்பைக் கடைசியில் தொடுங்கள். கறந்ததும் தீனி போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள், காம்புத் துளை மூடும்முன் படுத்தால் சாணத்திலிருந்து கிருமி மேலே ஏறும். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் மூலிகை முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூசலாம், தடையில்லை. ஆனால் காய்ச்சல் அடிக்கும் மாட்டுக்கு அதை மட்டும் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கிருமியைக் கொல்லும் மருந்து வேறு, வலி மருந்து வேறு. எந்தக் கிருமிக்கொல்லி, எத்தனை நாள் என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்தை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்பது மாட்டுக்கான அளவு. உங்கள் பசு 350 கிலோ இருந்தால் 175 மில்லிகிராம் வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் உள்ள குப்பியானால் அது 35 மில்லிலிட்டர். ஊரில் சொல்லும் ‘வேகம் இல்லை’ என்ற குறையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. பழைய ஊசியில் 12, 15 மில்லிலிட்டர் போட்டுப் பழகிய கை, இந்த மருந்திலும் அதே அளவை ஏற்றிவிட்டு நின்றுவிடுகிறது. பாதி மருந்துகூட உள்ளே போகவில்லை என்றால் மாடு எப்படி எழும்? குப்பிக்குக் குப்பி அடர்த்தியும் மாறும், ஆகவே லேபிளைப் படித்து எடைக்குக் கணக்கிடச் சொல்லுங்கள்.

சரியான அளவில் போனால் மெலாக்சிகாம் நின்று வேலை செய்யும் மருந்து. கறவைப் பசுவின் உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் பதினேழு மணி நேரம் பிடிக்கிறது, ஒரு ஊசியின் பலன் மறுநாளும் நீடிக்கிறது. ஐரோப்பியப் பண்ணைகளில் மடிநோய் கண்ட பசுக்களுக்குக் கிருமிக்கொல்லியுடன் மெலாக்சிகாமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வலி மருந்தும் சேர்த்துப் பெற்ற பசுக்களில் முதல் சினை ஊசியிலேயே சினை பிடித்தவை 100க்கு 31, கிருமிக்கொல்லி மட்டும் பெற்றவற்றில் 21. வலியும் காய்ச்சலும் அடுத்த சினையைத் தள்ளிப்போடும் என்பதைக் கறவை வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கழிச்சலோ வேறு காரணமோ மாடு நீர் வற்றிக் கிடந்தால் முதலில் திரவம் ஏற்ற வேண்டும், அதன் பிறகே இந்த ஊசி. வேறு வலி மருந்தையோ ஸ்டீராய்டையோ இதனுடன் சேர்த்துப் போடக்கூடாது. மருந்து போட்ட மாட்டின் பாலை லேபிளில் உள்ள நாள் கணக்கு முடியும்வரை கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள். ஐரோப்பாவில் மெலாக்சிகாமுக்கு மட்டுமே 5 நாள் வைத்திருக்கிறார்கள். கிருமிக்கொல்லிக்குத் தனிக் கணக்கு உண்டு, இரண்டில் எது நீளமோ அதைப் பிடியுங்கள்.

இனி உங்கள் அடுத்த கேள்வி. ஆம், உண்மைதான். இதை வனத்துறையின் கெடுபிடி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கால்நடை மருத்துவம், வேதியியல், பறவையியல் என்று பல துறையினர் சேர்ந்து அவிழ்த்த முடிச்சு இது.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பாறுக் கழுகுகள், அதாவது நீங்கள் சொல்லும் பிணந்தின்னிக் கழுகுகள், கழுத்து தொங்கிக் கிளைகளில் உட்கார்ந்தபடியே சோர்ந்து, பிறகு விழுந்து சாவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். நாடெங்கும் அதே கதைதான். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 1000 இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. புதிய வைரஸ் என்றே பலரும் முதலில் சந்தேகித்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் குழு பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. கல்லீரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம்! அது யூரிக் அமிலம். பறவைகள் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும், சிறுநீரகம் நின்றுபோனால் அது உடலுக்குள்ளேயே படியும். சிறுநீரகத்தை நிறுத்தியது எது என்றுதான் தெரியவில்லை. வைரஸ், பாக்டீரியா, பூச்சிமருந்து, கன உலோகம் எல்லாவற்றையும் சோதித்தும் விடை கிடைக்கவில்லை.

அப்போது அவர்கள் கேட்டது நம் தொழுவத்துக் கேள்வி: இந்தப் பறவை தின்பது இறந்த மாட்டை, அந்த மாட்டுக்குக் கடைசியாக என்ன போட்டார்கள்? மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்ததில் டைக்ளோஃபினாக் என்ற பெயர் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்து விலை சரிந்ததும் 1990களில் எல்லா மாட்டுக் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்த வலி மருந்து அது. சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பறவைகளிலும் அதன் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. மருந்து ஏற்றிய மாட்டின் இறைச்சியைக் கொடுத்துப் பார்த்தபோது பறவைகள் அதே விதமாக இறந்தன. 2004இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது.

அளவைக் கேட்டால் திகைப்பீர்கள். பாறுக் கழுகின் எடை சுமார் ஐந்து கிலோ. அதைக் கொல்ல ஒரு மில்லிகிராம் அளவே போதும். 300 கிலோ மாட்டுக்கு நாம் ஏற்றியது 300 மில்லிகிராம். மாட்டின் உடல் அதைத் தாங்கிச் சில நாளில் வெளியேற்றிவிடும். அதற்குள் மாடு இறந்துவிட்டால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி போட்ட தசையிலும் மருந்து தங்கிவிடும். பாறுகள் கூட்டமாக வந்து தின்பவை, ஒரு மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். ஊரில் இறக்கும் மாடுகளில் 100க்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ‘என் ஒரு மாட்டால் என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். முட்டையிடும் வயதுக்கு வரவே ஐந்தாண்டு ஆகும். போனது திரும்ப நிரம்பத் தலைமுறைகள் வேண்டும்.

இது பறவையோடு முடிந்த இழப்பும் இல்லை. பாறுகள் போன பிறகு செத்த மாடுகள் வெட்டவெளியில் அழுகின, தெருநாய்கள் பெருகின, வெறிநோய் பரவியது, நீர்நிலைகள் கெட்டன. முன்பு பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்ததாகவும், 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் பேர் அளவுக்குக் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றும் ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே பாறுகள் கூலியில்லாமல் பார்த்த வேலையின் மதிப்பு அது.

இந்திய அரசு 2006இல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை நிறுத்தியது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்கு வந்தன. ஆகவே 2015இல் மனித ஊசியை 3 மில்லிலிட்டர் சிறு குப்பியாகக் குறைத்தார்கள். உங்கள் ஊருக்கு ஊசி போட வருகிறவர் சொல்லும் ‘மனிதர்களுக்கான ஊசி’ இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாட்டுக்கு நான்கைந்து சிறு குப்பிகளை உடைத்து ஒன்றாக ஏற்றினால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். அது சட்டப்படியும் தவறு.

தடைக்குப் பிறகு மாற்றாக விற்கப்பட்டவற்றிலும் சில விஷம்தான். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 2023இல் இந்த இரண்டும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன, பிறகு நிமெசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஃபுளூனிக்சினும் பாறுகளுக்கு ஆகாது. ஸ்பெயினில் அதனால் பாறு இறந்தது பதிவாகியிருக்கிறது. பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்து, பாதுகாப்பானது என்று 2006இல் உறுதியானது மெலாக்சிகாம். பின்னர் டால்ஃபினாமிக் அமிலமும் அப்படித் தேறியிருக்கிறது. மருந்துக் கடையில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். இரண்டு மருந்து கலந்த குப்பிகளில் இரண்டாவது பெயரையும் பாருங்கள்.

நீங்கள் இருக்கும் இடம் இதில் முக்கியமானது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் அங்கே உண்டு. தென்னிந்தியாவில் இவை இவ்வளவு மிஞ்சியிருக்கும் இடம் வேறு இல்லை. அதனால்தான் உங்கள் எருதைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். குற்றம் சாட்ட வந்ததாக நினைக்காமல் பதில் சொல்லுங்கள். தொழுவத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் என்ன ஊசி என்று எழுதி, குப்பியின் லேபிளையும் அதில் ஒட்டி வைத்தால் மருத்துவருக்கும் அது உதவும்.

இறந்த மாட்டை என்ன செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். பாதுகாப்பான மருந்து மட்டுமே போட்டிருந்தால், வனத்துறையிடம் சொல்லிவிட்டு அவர்கள் காட்டும் இடத்தில் உடலைப் பாறுகளுக்கு விடலாம். டைக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் போன்றவை போட்ட சில நாட்களுக்குள் இறந்திருந்தால் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். திடீரென்று இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வழி செய்வார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காப்பக எல்லையில் இருப்பதால் சொல்கிறேன். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் உடலில் யாராவது ஆத்திரத்தில் பூச்சிமருந்து தடவினால் முதலில் சாவது பாறுகள்தான். அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது பேசினால் தடுத்துவிடுங்கள். மாட்டுக்கு இழப்பீடு உண்டு. வனச்சரக அலுவலகத்தில் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், வனத்துறையும் கால்நடை மருத்துவரும் வந்து பார்த்து எழுதும்வரை உடலை நகர்த்த வேண்டாம்.