வக்கீல் இல்லாமல் எதிருரையை ஆன்லைனில் தாக்கல் செய்யலாமா?

கேள்வி: காட்பாடியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பிராமிசரி நோட்டின் பேரில் 1,80,000 ரூபாய் கேட்டு வேலூர் கோர்ட்டில் என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சம்மன் வந்து பத்து நாளாகிறது. பாதிப் பணத்தை ஜிபேயில் கட்டிவிட்டேன். வக்கீல் வைக்காமல், இ-ஃபைலிங்கில் நானே பதில் தாக்கல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்கள் வழக்கை நீங்களே நடத்தச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல, காலண்டரை. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில், தாக்கலாக வேண்டும். தவறினால் காரணம் காட்டி, அதே வழக்கில் அனுமதி கேட்கும் இடைமனு போட வேண்டியிருக்கும். சம்மன் வந்த நாளிலிருந்து கணக்கிட்டு, நீதிபதி 90 நாள் வரை அனுமதிக்கலாம். உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. கடைசி இரவு வரை இழுக்காதீர்கள். தளம் சுற்றிக்கொண்டே நிற்பதும் ஓடிபி வராமல் போவதும் அப்போதுதான் நடக்கும்.

ஃபைலிங் டாட் இகோர்ட்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் 'பார்ட்டி இன் பர்சன்' என்று பதிவு செய்யுங்கள். 'அட்வகேட்' என்பதைத் தொட்டால் பார் கவுன்சில் எண் கேட்கும். செல்போன், மின்னஞ்சல், அடையாளச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். உள்ளே போனதும் பலர் தவறுவது ஓர் இடத்தில்: 'புதிய வழக்கு' என்பதை அழுத்திவிடுகிறார்கள். உங்கள் வழக்கு ஏற்கெனவே நடக்கிறது. அதில் ஆவணம் சேர்க்கும் பகுதிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் வழக்கு தானாக வந்து நிற்கும். அந்த எண் தெரியாவிட்டால், சம்மனில் உள்ள ஓ.எஸ். எண்ணையும் (அசல் வழக்கு எண்) கோர்ட் பெயரையும் வைத்து இகோர்ட்ஸ் சேவைத் தளத்தில் தேடலாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், உங்கள் முகவரியை வைத்துக் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சம்மனில் அச்சாகியிருக்கும் பெயரை அப்படியே பாருங்கள்.

இனி எதிருரை. இதுதான் வழக்கின் உயிர்நாடி. பிராதின் (வாதி போட்ட வழக்கு மனுவின்) ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டுத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 'எல்லாம் பொய்' என்ற ஒற்றை வரி போதாது. குறிப்பிட்டு மறுக்காத விஷயத்தை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், மீதி எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முடிவில், எழுதியது உண்மை என்று உறுதி சொல்லும் வெரிஃபிகேஷன் பத்தியும் கையெழுத்தும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழிலேயே எழுதலாம். ஆனால் கோர்ட் வாசல் டைப்பிங் கடையில் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது குழம்பிப்போகும் ஆபத்து உண்டு. யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கச் சொல்லுங்கள். ஏ4 தாள், 300 டிபிஐ ஸ்கேன். நிழல் விழுந்த செல்போன் படங்களை யாரும் படிக்க மாட்டார்கள்.

ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வங்கியில் சான்றளித்த கணக்கு அறிக்கை வாங்குங்கள், அதுதான் பலமானது. ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் சேர்ப்பதானால் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். நீங்கள் நம்பும் ஆவணங்களை எதிருரையோடு சேர்த்தே போடுங்கள். பிறகு கொண்டுவந்தால் கோர்ட் அனுமதி கேட்க வேண்டும். அசலைப் பத்திரமாக வைத்திருங்கள், சாட்சி விசாரணையில் கேட்பார்கள்.

கையெழுத்துக்கு ஆதார் ஓடிபி வழி உண்டு, ஆனால் செல்போன் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிண்ட் எடுத்து, மையில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். எதிருரைக்கு வழக்குத் தொகை மீதான கோர்ட் கட்டணம் கிடையாது; வாதியிடம் நீங்கள் பதிலுக்குப் பணம் கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்தால்தான் அந்தச் செலவு. இடைமனுவுக்குச் சிறு கட்டணம் ஆகும். பணம் கழிந்தும் 'தோல்வி' என்று காட்டினால், உடனே மறுபடி கட்டாமல் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து நிலையைப் பாருங்கள்.

ஏற்றியதும் வரும் எண் ஒப்புகை மட்டுமே. அதன்பிறகு கோர்ட் அலுவலகம் பரிசீலித்து ஏற்கும், அல்லது குறை சொல்லித் திருப்பும். அதனால் தினமும் உள்ளே போய்ப் பாருங்கள். காகிதப் பிரதியும் கேட்டால் கொடுங்கள். வாதியின் வக்கீலுக்கு ஒரு நகல் கொடுத்து, இன்னொரு நகலில் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

இன்னொன்று: ஆன்லைனில் ஏற்றிவிட்டோம் என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரலாம்.

ஏற்றுவதில் சிரமமென்றால் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் உள்ள இ-சேவா கேந்திராவில் கேளுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று வாங்கும் இ-சேவை மையம் வேறு, இது வேறு. வக்கீல் வைக்கவே வசதியில்லை என்றால், அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமான வரம்புக்குள் வருவோருக்கும், வரம்பு பார்க்காமல் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கும் இலவச வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100.