அனியூரிசம் கிளிப்பிங்குக்குப் பின் நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் 11

மூளை ரத்தக்குழாயில் பலூன்போல் வீங்கிய இடம் (அனியூரிசம்) வெடித்து, அதைக் கிளிப் போட்டு அடைக்கும் அறுவை (கிளிப்பிங்) உங்கள் அம்மாவுக்கு நடந்தது; நான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இருவகை வெள்ளணுக்களின் விகிதம் 11 என வந்ததால், அவர் தேறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து, அவர் தேறமாட்டார் என்று முடிவுகட்ட முடியாது. விகிதம் கூடியவர்களிடம் மீட்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான் என்றாலும், சேர்க்கும்போது இருந்த நினைவுநிலை, வயது, சிடி ஸ்கேனில் தெரிந்த ரத்தக்கசிவின் அளவு ஆகியவற்றுக்கே மருத்துவர்கள் அதிக எடை கொடுக்கிறார்கள்.

அனியூரிசம் வெடித்துக் கசிந்த ரத்தம் கிளப்பும் அழற்சியே இந்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தாலும் நியூட்ரோஃபில் ஏறி லிம்போசைட் இறங்கும்; நுரையீரல் தொற்றிலும் அப்படியே.

1. மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு உள்ளதா என்று கேளுங்கள்.
2. அறுவைக்கு முந்தைய ரத்த அறிக்கையோடு ஒப்பிட்டு, விகிதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.
3. ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) அளவையும் பாருங்கள். இந்நோயில் அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவது சகஜம்; கவனித்தால் சரிசெய்யக்கூடியது என்பதால், என் கணிப்பில் இப்போதைக்கு விகிதத்தைவிட இதுவே முக்கியம்.

எண்கள் நன்றாக இருந்தாலும், கசிவு தொடங்கிய 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள்வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கக்கூடும். புதிதாகக் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ கை வலுவிழப்போ தெரிந்தால், அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.